ஏதோ இருக்கோம்

நாச்சியார் அவசர அவசரமாக ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். ஒன்றல்ல, இரண்டு. அதற்கு மேல் கழுத்துத் துண்டு, தலையில் காதை மூடும் கம்பளித் தொப்பி. வெளியே பிப்ரவரி வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது. சன்னலுக்கு அப்பால் மிச்சிகன் ஏரி நீலமாகப் பரந்து கிடந்தது. கொல்லையில் முருங்கை காய்த்துக் கிளை தாங்காமல் வளைந்திருந்தது. இருந்தாலும் அழைப்புச் சுவர் ஒலித்துவிட்டதே, ஸ்வெட்டர் போடாமல் உறவுக்காரர்களிடம் எப்படிப் பேசுவது?

2131-இல் மிச்சிகனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அழைப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கும். அதில் பேச்சு ஸ்வெட்டர் தொங்கும். சுவருக்குக் கீழே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் பனிப்புயல் வீசும், கண்ணாடி உறையும், எங்கோ ஒரு நாய் குளிரில் ஊளையிடும். இதற்குப் பின்காட்சி என்று பெயர். மிச்சிகனில் கடும் பனி விழுந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. வானிலை அறிக்கையைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்தான். சொந்த அக்கா வாயால் சொல்வதை விட்டுவிட்டு வானிலை அறிக்கையை நம்புகிறவன் எந்த ஊரில் இருக்கிறான், சொல்லுங்கள்.

"என்னக்கா, ஊரு எப்படி?" என்றான் சுவரில் தோன்றிய கபிலன். நாச்சியாரின் தம்பி, டெக்சாஸில் இருப்பவன்.

"அதை ஏன்டா கேக்குற. பல்லு தந்தியடிக்குது."

"நாங்க அங்கயே வந்துடலாமான்னு பாக்குறோம்க்கா. டெக்சாஸு தரப்பட்டியல்ல கடைசியிலேர்ந்து நாலாவது எடத்துக்கு எறங்கிடுச்சு. ஆறு பேருதான். முதல்ல உங்க வீட்ல ரெண்டு மாசம் தங்கிட்டு, அப்புறமா மெதுவா வீடு பாத்துக்கலாம்."

நாச்சியார் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். சோபாவில் வெறும் பனியனோடு நுங்கு தின்றுகொண்டிருந்த அவள் கணவன் சேந்தன், கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்தான்.

"வாங்க மாப்ள, தாராளமா வாங்க. நம்ம வீடு இருக்கு. ஆனா ஒண்ணு, ஹீட்டர் வேலை செய்யல. ஆஸ்பத்திரி நூறு மைல். பக்கத்து வீட்டு மார்த்தா புருஷனுக்குப் போன வாரம் குளிர்ல ரெண்டு விரல எடுத்துட்டாங்க."

"ஐயய்யோ! அப்ப எப்படித்தான் காலம் தள்றீங்க அத்தான்?"

"ஏதோ இருக்கோம் மாப்ள."

சுவர் அணைந்தது. மார்த்தாவின் புருஷன் பத்து விரலும் பத்திரமாக இருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நாச்சியார் ஸ்வெட்டரை ஆணியில் மாட்டிவிட்டு, சாம்பாருக்கு முருங்கைக்காய் பறிக்கப் போனாள்.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். நன்றாக இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் அது நிலைக்காது. அதோடு, நன்றாக இருக்கிற வீட்டுக்குத்தான் பெட்டியோடு ஆள் வரும். அப்போது மிச்சிகனில் மூன்றில் ஒருவர் தமிழர். மற்ற இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மார்த்தா தன் வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டி, அதற்கு மீசையும் கோரைப்பல்லும் தானே வரைந்திருந்தாள்.

இனி கருத்தாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது மாநிலங்களுக்கும் மின்சாரமும் மருந்தும் ரயிலும் கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியாது என்ற நிலை இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது? தலைவர்களை நம்பி யாரும் அந்த முடிவை விடவில்லை. கருத்தாளி என்ற ஓர் இயந்திர மூளையைச் செய்தார்கள். ஆண்டுதோறும் தரப்பட்டியல் போட்டு, மக்களுக்கு எந்த ஊர் பிடிக்கவில்லையோ அதை ஆண்டுக்கு ஒன்றாக மூடுவது, அங்கே இருப்பவர்களை மக்களுக்கு மிகவும் பிடித்த ஊருக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்துவது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான்.

மக்களின் கருத்தை எப்படி அறிவது? படிவம் கொடுத்துக் கேட்டால் பொய் எழுதுவார்கள். அதனால் காதுமணி வந்தது. பிறந்த ஆறாம் மாதம் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போதே, கடுகளவு மணி ஒன்றைக் காதின் உட்புறம் பதித்துவிடுவார்கள்; அதற்கு முன்பே பிறந்தவர்களுக்கு ஊசி போட்டுப் பதித்தார்கள். ஊரைப் பற்றி ஒருவர் தன் உறவினரிடம் பேசும்போது மட்டும் அது கேட்கும், டிங்கென்று ஒருமுறை ஒலித்துப் பதிந்துகொள்ளும். அந்நியரிடம் பேசுவதை அது கணக்கில் எடுக்காது. உறவுகளிடம் மனிதர்கள் மெய்தான் பேசுவார்கள் என்று அதைச் செய்தவர்கள் நம்பினார்கள். அவர்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே ஆதிரை அழைத்தாள். சேந்தனுக்கும் நாச்சியாருக்கும் ஒரே மகள். ஆறு வருடம் முன்பு அரிசோனாக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்தன்று, அத்தனை பேர் முன்னிலையில், "அந்தப் பாலைவனத்துல மனுஷன் இருப்பானா? ஒருநாள் நீயே அழுதுக்கிட்டு வந்து நிப்பே, பாரு" என்று சேந்தன் சொல்லியிருந்தான். அதன்பின் அரிசோனா தரப்பட்டியலில் ஏறி ஏறி, நான்கு ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்தது. சேந்தனுக்கு அது தீராத கடுப்பு.

ஆதிரைக்குப் பின்னால் புல்வெளி பச்சைப்பசேல் என்று விரிந்தது. ஒரு நீரூற்று பீய்ச்சி அடித்தது. அவள் பூப்போட்ட பட்டுச் சட்டை அணிந்திருந்தாள். மடியில் நான்கு வயது மகன் நிலன்.

"எங்கடி முடி? இடுப்பு வரைக்கும் இருந்துச்சே!" என்றாள் நாச்சியார்.

"இப்ப இதான்மா இங்க ஃபேஷன்."

"பிள்ளை ஏன் இளைச்ச மாதிரி இருக்கான்? உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

"ஓடி ஓடி விளையாடுறான்மா. எங்களுக்கென்ன குறை, ராஜா மாதிரி இருக்கோம். நீங்க எப்படி இருக்கீங்க?"

வந்துவிடேன்டி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதமாவது வந்து இருந்துவிட்டுப் போ, இங்கே ஏரி நிறையத் தண்ணீர், கொல்லை நிறையக் காய் என்று சொல்ல நாச்சியாருக்கு நாக்கு துறுதுறுத்தது. மகளிடம் சொன்னால் அது சம்பந்தி வீட்டுக்குப் போகும். போனால் பதினொரு பேர் வந்து இறங்குவார்கள். சேந்தனோ, கூப்பிட்டுத்தான் மகள் வந்தாள் என்று ஆகிவிடக்கூடாது, அவளாகத் தோற்று வர வேண்டும் என்று காத்திருந்தான்.

"ஏதோ இருக்கோம்மா," என்றான்.

ஆதிரை எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க," என்று அழைப்பைத் துண்டித்தாள். காதுமணி டிங்கென்றது.

மார்ச் முதல் திங்கட்கிழமை பட்டியல் வந்தது. எஞ்சியிருந்த இருபத்து மூன்று மாநிலங்களில் மிச்சிகன் இருபத்து மூன்றாவது. ஏப்ரல் பத்தாம் தேதி மின்சாரமும் மருந்தும் நிற்கும். அதற்குள் அனைவரும் அரிசோனாவுக்கு.

ஊரே கொதித்தது. ஜனங்கள் ஸ்வெட்டர்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு பறந்தது. "அத்தை, எங்க ஊரு சொர்க்கம் அத்தை!" "பெரியப்பா, இந்த மாதிரி தண்ணி உலகத்துல கெடையாது பெரியப்பா!" காதுமணிகள் ஒலிக்கவே இல்லை. பயத்தில் சொன்னது கருத்தாகாது என்று விதி இருந்தது.

சேந்தன் முறையீட்டு அறைக்குப் போனான். வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி. கருத்தாளியின் குரல் அன்பாகவே இருந்தது.

"உங்கள் முறையீடு என்ன, ஐயா?"

"எங்க ஊரு நல்ல ஊருங்க. ரொம்ப நல்ல ஊரு. மூடக்கூடாது."

"இதை எப்போதிலிருந்து நினைக்கிறீர்கள்?"

"எப்பவுமே அப்படித்தாங்க."

அறைக்குள் அவனுடைய குரலே ஒலிக்கத் தொடங்கியது. ஏதோ இருக்கோம் மாப்ள. ஏதோ இருக்கோம்மா. என்னத்தைச் சொல்ல, ஏதோ ஓடுது. ஒன்றன்மேல் ஒன்றாக, நரைக்கு முந்தைய குரல், சளி பிடித்த குரல், பொங்கலன்று பேசிய குரல்.

"நீங்கள் மிச்சிகனுக்கு வந்த பதினொரு ஆண்டுகளில் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது முறை," என்றது கருத்தாளி.

"அதெல்லாம் சும்மா சொன்னதுங்க. கண்ணு பட்டுடக் கூடாதுன்னு சொல்றது."

"யாருடைய கண்?"

"சொந்தக்காரங்க கண்ணுதான்."

"உறவினர் என்றால் உங்கள்மேல் அன்புள்ளவர்கள் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது."

"அவங்களேதாங்க."

கருத்தாளி அந்தப் பதிலை மூன்று முறை அலசியது. ஒரு நொடியில் இருபது கோடிப் பேச்சை அலசும் மூளை அது. "நீங்கள் மெய் சொல்லும்போது, அது மெய் என்று நான் எப்படி அறிவது, ஐயா?" என்று கடைசியில் கேட்டது.

சேந்தன் யோசித்தான். நன்றாக யோசித்தான்.

"நன்றி, ஐயா. உங்கள் பெட்டி இருபது கிலோ வரை இருக்கலாம்."

ரயிலில் முதல் நாள் கும்மாளமாகத்தான் இருந்தது. எப்படியோ, முதலிடத்துக்கு அல்லவா போகிறோம்! மார்த்தா தன் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு எதிர் இருக்கையில் இருந்தாள். இரண்டாம் நாள் காலை வெளியே பச்சை குறைந்தது. சேந்தன் இருபத்தேழு ஆண்டுப் பட்டியலைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவன், திடீரென்று நாச்சியாரின் கையைப் பிடித்தான்.

"நாச்சி, இதுவரைக்கும் மூடின ஊரப் பாரு. ஆரிகன், வாஷிங்டன், வெர்மாண்ட், மெய்ன், மினசோட்டா, விஸ்கான்சின். இப்ப நாம."

"அதுக்கென்ன?"

"எல்லாம் தண்ணி இருக்கிற ஊருடி. ஒண்ணு விடாம."

விஸ்கான்சினில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா இருந்தாள். பேசும்போதெல்லாம் மூன்று ஸ்வெட்டர் போட்டிருப்பாள்.

"அப்ப, மேல இருக்கிற ஊரெல்லாம்?" என்றாள்.

சேந்தன் திரையை அணைத்தான். மார்த்தா பூசணிக்காயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரயில் நின்ற இடத்தில் காற்று அடுப்படிக்குள் முகத்தை நீட்டியது போல இருந்தது. மருமகன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான், ஆதிரை மட்டும் நிலையத்துக்கு வந்திருந்தாள். மொட்டைத் தலையில் ஒரு துணி. ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை, மெதுவாக நடந்து வந்தாள். அவள் இடுப்பில் இருந்த நிலன் கண்ணை மூடியே இருந்தான்.

"வாங்கம்மா. வாங்கப்பா," என்றாள். குரல் கரகரத்தது.

வீட்டைச் சுற்றி சன்னல் உயரத்துக்கு மணல். புல்வெளி என்று எதுவும் இல்லை, நீரூற்றும் இல்லை. உள்ளே, மூலையில் ஒரு தண்ணீர்க் கேன், அதன் மேல் பூட்டு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். நாச்சியாருக்கும் சேந்தனுக்கும் தண்ணீர் கொடுக்க ஆதிரை கேனின் மூடியை எடுத்தாள். மூடிதான் அந்த வீட்டில் டம்ளர்.

"பிள்ளைக்கு என்னடி?" என்றாள் நாச்சியார்.

"சிறுநீரகத்துல கல்லும்மா. டாக்டர் மருந்தெல்லாம் வேணாம்னுட்டாரு. தண்ணி நிறையக் குடுங்க, சரியாயிடும்னாரு." சொல்லிவிட்டு ஆதிரை சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. "ஏரியிலேர்ந்து குழாய் வருது, வருதுன்னு நாலு வருஷமா சொல்றாங்க. வருஷா வருஷம் ஆளுதான் வருது. வர்ற ஆளுக்கு ஏத்த மாதிரி அளவைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க. முதல் வருஷம் ஆறு லிட்டர் இருந்துச்சு."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னா, 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல'ன்னுவாரு அப்பா. அதைக் கேக்குறதுக்கு இந்த வெயில்லயே கிடக்கலாம்னு இருந்துச்சு. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்மா. யாரோ ஒருத்தர் வேணாம்னு சொல்ல, மீறி வந்தவங்கதான் எல்லாரும். எப்படித் திரும்பிப் போய் நிக்கிறது?" பிறகு மெல்லக் கேட்டாள். "அங்க நிஜமாவே அவ்வளவு குளிராம்மா?"

நாச்சியார் சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் தரையைப் பார்த்தான்.

"முருங்கைக்காய் பறிக்க ஆளில்லாம முத்திப் போச்சும்மா," என்றாள் நாச்சியார். "ஏரித் தண்ணி இனிக்கும்."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாம்மான்னு கூப்பிட்டிருந்தா அன்னிக்கே ரயிலேறியிருப்பேன்."

சேந்தன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தெட்டு வயது மனிதன் வாய்விட்டு அழுதான். "நான் பாவிம்மா. என் வாய்தான் உன்னைக் கொன்னுச்சு." ஆதிரை அவன் தோளைத் தொட்டாள். அழுவதிலும் தண்ணீர் வீண், நிறுத்துங்கள் என்றாள்.

அன்றே மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி உண்மையைச் சொல்வது. யார் கேட்டாலும் சொல்வது. இங்கே இருக்கிற எல்லோரும் தங்கள் உறவுகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினால் அரிசோனா முதலிடத்தை விட்டு இறங்கும், புது ஆள் வருவது நிற்கும், அளவைக் கூட்டுவார்கள். நிலனுக்கு நாளைக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் கிடைத்தாலும் போதும்.

"யாராவது முதல்ல சொல்லணும்பா. அதுக்குத்தான் இங்க ஆளில்ல," என்றாள் ஆதிரை.

"நான் சொல்றேன்," என்றான் சேந்தன். "முதல் ஆளா நான் சொல்றேன். எனக்கென்ன வெக்கம்? என் பேரப்பிள்ளையை விடவா?"

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

மறுநாள் காலை அழைப்புச் சுவர் ஒலித்தது. கபிலன். சுவருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஆதிரையின் பூப்போட்ட பட்டுச் சட்டையும், மருமகனின் மடிப்புக் கலையாத ஒரு மஞ்சள் சட்டையும் தொங்கின. சேந்தன் இரண்டையும் தொடாமல், வேர்த்து ஒட்டிய பனியனோடு போய் நின்றான். பின்காட்சிப் பொத்தானையும் அவன் தொடவில்லை. ஒலியை மட்டும் திறந்தான். நாச்சியார் நிலனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"என்ன அத்தான், படம் வரல? அந்தப் பனியில பதினோரு வருஷம் குப்பை கொட்டுனீங்களே, அன்னிக்கே ஆதிரை பேச்சைக் கேட்டு அரிசோனாவுக்குப் போங்கன்னு நான் சொன்னேன். கேட்டீங்களா?" கபிலன் கெக்கலித்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவியும் பிள்ளைகளும் சிரிப்பது கேட்டது. "அன்னிக்குக் கல்யாணத்துல பாலைவனம் அது இதுன்னு என்னா பேச்சு பேசுனீங்க! இப்ப மக வீட்லயே வந்து உக்காந்தாச்சு. சரி, அதை விடுங்க. டெக்சாஸு கடைசிக்கு முந்தின எடம். நாங்களும் கெளம்பலாமான்னு பாக்குறோம். உண்மையைச் சொல்லுங்க அத்தான். ஊரு எப்படி?"

சேந்தன் வாயைத் திறந்தான். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. நாச்சியார், "சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். கபிலனின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அந்தச் சிரிப்பு இனி ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும், தான் போகாத இடத்திலெல்லாம் தன் பெயரைச் சொல்லி எழப்போவது சேந்தனுக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல ஊரையும் விட்டான், கெட்ட ஊரிலும் மாட்டினான், ரெண்டுங்கெட்டான் என்பார்கள்.

அவன் கை ஆணிக்குப் போனது. மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டான். பின்காட்சிப் பொத்தானை அழுத்திவிட்டுப் படத்தைத் திறந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், நாச்சியாரையும் நிலனையும் மறைத்துக்கொண்டு, புல்வெளி பச்சைப்பசேல் என்று விரிந்தது.

"சூப்பரா இருக்கோம் மாப்ள," என்றான். "ஒரு குறையும் இல்ல. ராஜா மாதிரி இருக்கோம்."

காதுமணி டிங்கென்றது.

"அப்பாடா! இதுக்குத்தான் கேட்டேன்," என்றான் கபிலன். "ஆறு பேருக்கும் டிக்கெட் போட்டுடுறேன். வியாழக்கிழமை அங்க இருப்போம். முதல்ல உங்க வீட்லதான் தங்கணும்."

"வாங்க மாப்ள, தாராளமா வாங்க," என்றான் சேந்தன்.

ஆதிரை, நிலனுக்கென்று மூடியில் ஊற்றியிருந்த தண்ணீரில் பாதியைத் திரும்பக் கேனில் ஊற்றிப் பூட்டினாள்.